இறங்கிய சுவடுகள்

சபரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களிலே நாள் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். ஆதலால், இருள் முற்றும் பிரியாத வேளையிலேயே பால்வெட்டுத் தொழிலாளர் கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் இறங்குகின்றனர். அவர்கள் செல்லும் வழியில் ஓர் ஓடை குறுக்கிடாத தோட்டம் அரிது. அந்த ஓடையில் எங்கேனும் ஓரிடத்தில், பாறை குடைந்து, நீர் கறுத்து, அசைவற்றது போலக் கிடக்கும் மடு ஒன்றும் இருக்கும். அதன் அருகே வரும்போது பேச்சுக் குறைகிறது, நடை விரைகிறது.

"அந்த மடுப் பக்கம் போயிடாதே. உள்ளே இருக்கிறது காலைப் பிடிச்சு இழுத்துப்புடும்" என்று லயத்து வாசலில் நின்று பிள்ளையை எச்சரிக்கும் தாயின் குரலைக் கேளாமல் தோட்டத்தில் வளர்ந்தவர் எவருமில்லை எனலாம். உள்ளே இருப்பது எது? அதற்குத் தாய் விடை சொல்வதில்லை. ஒருவர் பூதம் என்பார். ஒருவர் முனி என்பார். மோகினி என்பாரும் உளர். அயற்கிராமத்துச் சிங்கள மக்களைக் கேட்டால் 'தியரகுசா' என்பர். நீர் அரக்கன் என்பது அதன் பொருள். பெயர் வேறுபடுகிறது, உருவமோ எவருக்கும் தெளிவாக இல்லை. அது செய்யும் செயல் மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றாகவே இருக்கிறது: காலைப் பிடிக்கிறது, கீழே இழுக்கிறது, திருப்பித் தருவதில்லை.

இந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. பழைமையின் செல்வம் என்று போற்றிவிடுவதும் எளிதே. இவ்விரண்டையும் விட்டு, அச்சம் எதைக் கண்டு பிறந்தது, எதைக் காத்தது, எதைக் காணவிடாமல் மறைத்தது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழை வளர்த்த கதை

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சபரகமுவ. மழைக்கு இது தாய்வீடு. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்திற் பெய்வதைப்போல ஏறத்தாழ மும்மடங்கு. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறக்கும் களுகங்கை இரத்தினபுரியைத் தழுவி, 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையிற் கடலோடு கலக்கிறது. 145 கிலோமீற்றர் நீளமுள்ள களனிகங்கை கித்துள்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாகக் கொழும்பை நோக்கிச் செல்கிறது. இவற்றுக்கு நீர் கொணரும் சிற்றாறுகளும் ஓடைகளும் தோட்டந்தோறும் உண்டு. மலையிலிருந்து விழும் நீர் எங்கெங்கே பாறையைக் குடைந்ததோ, அங்கெல்லாம் மடு. எங்கெங்கே மடுவோ, அங்கெல்லாம் ஒரு கதை.

குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள 'போபத் எல்ல' என்ற நீர்வீழ்ச்சி இதற்குத் தக்க சான்று. அரசிலை வடிவில் விரிந்து விழுவதால் அதற்கு அப்பெயர். கண்ணுக்கு இனிய அந்த வீழ்ச்சியின் அடியிலே புதையல் இருக்கிறதென்றும், அதைக் காக்கும் ஆவிகள் அங்கே உலவுகின்றனவென்றும் கிராமத்தார் சொல்லிவருகின்றனர். இது மாணிக்கம் விளையும் நாடு என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். நிலத்தடிப் பொருளுக்கெல்லாம் காவலன் 'பஹிரவ' என்னும் பூதம் என்பது மாணிக்கக் குழி தோண்டுவோரின் பழைய நம்பிக்கை. நம் நாவில் பைரவர் என வழங்கும் பெயரே அங்கே அவ்வாறு திரிந்து நிற்கிறது. நீருக்கடியிலும் மண்ணுக்கடியிலும் இருப்பவற்றை ஒருவன் காக்கிறான், அவனுக்கு உரியதைக் கொடாமல் எடுப்பவன் மீளான் என்ற எண்ணம், மடுவின் கதைக்கும் குழியின் கதைக்கும் பொதுவாகிறது.

இந்த மண்ணுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்தபோது அவர்கள் வெறுங்கையோடு வந்தனர் என்று வரலாறு கூறும். ஆனால் வெறும் நெஞ்சோடு வரவில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து அவர்கள் கொணர்ந்த தெய்வங்களிலே கன்னிமாரும் உண்டு. நீர்க்கரையிற் கல் நட்டு, மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏழு கன்னியரை வணங்கும் வழக்கம் மலையகத்திலும் வேரூன்றியது. பெண்கள் நீர் மொள்ளும் பீலிக்கரையும் ஆற்றங்கரையும் கன்னிமாரின் ஆட்சிக்குட்பட்டன. உச்சி வேளையிலே தனியாக நீருக்குப் போகலாகாது, கருவுற்றவள் அந்திக்குப் பின் ஓடையைக் கடக்கலாகாது என்ற விதிகள் அந்த ஆட்சியின் சட்டங்கள்.

தமிழ் மரபில் நீரும் அச்சமும்

இவ்வச்சத்தின் வயது மிகப் பெரிது. மலைச்சுனைகளிலே சூர் என்னும் அச்சந்தரும் தெய்வம் உறைகிறது என்பது சங்கப் புலவர் பலரும் அறிந்த செய்தி. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் ஒரு நுட்பமான காரியம் செய்கிறார். இரவிலே மலைவழி வரும் தலைவனுக்கு நேரக்கூடிய இடர்களைத் தலைவியின் சார்பில் எண்ணிப் பார்க்கும் இடத்தில், நீரில் வாழும் கொடிய உயிர்களாக முதலை, இடங்கர், கராம் என மூன்றைப் பிரித்துப் பெயர் சொல்கிறார். இந்தியாவில் இன்றும் முதலையினம் மூன்றே உள்ளது. கபிலர் சொன்ன மூன்றும் இந்த மூன்றுதாமா என்று உறுதி கூறுதல் அரிது. எனினும் அச்சம் அன்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை, கண்ணைத் திறந்து வகை பிரித்துப் பார்த்தது என்பது தெளிவு. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாமை அறியாமை என வள்ளுவர் கூறியதும் இத்தகைய விழிப்பான அச்சத்தையே அன்றோ?

அவிநாசியில் நிகழ்ந்ததாகச் சைவ உலகம் போற்றும் வரலாற்றை ஆசிரியர்கள் வகுப்பிற் பலமுறை சொல்லியிருப்பர். சிறுவர் இருவர் குளிக்கப் போயினர். ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் மீண்டான். ஆண்டுகள் சென்றபின் சுந்தரர் அவ்வூர் வீதியிலே வருகிறார். ஒரு வீட்டில் மீண்டவனுக்குப் பூணூற் கலியாணம்; எதிர் வீட்டில் மீளாதவனை நினைந்து அழுகை. சுந்தரர் பாட, முதலை அச்சிறுவனை வளர்ந்த பருவத்தோடு கொணர்ந்து கரையில் விடுகிறது. இதை அற்புதம் என்று மட்டும் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அற்புதத்துக்கு முன்னே நிற்கும் அந்த இரண்டு வீடுகளைப் பாருங்கள். நீரிற் பிள்ளையை இழந்த வீட்டிலே அந்தப் பிள்ளையின் வயது நின்றுபோவதில்லை. இருந்திருந்தால் இன்று இத்தனை வயது என்று தாய் எண்ணிக்கொண்டேயிருக்கிறாள். நீர்ப்பூதக் கதைகள் அனைத்தும் அந்த எதிர்வீட்டுத் தாயின் வாயிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

கொள்ளிடத்திலும் சிதம்பரத்தை அடுத்த நீர்நிலைகளிலும் முதலைகள் இன்றும் வாழ்கின்றன. காவிரிச் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது நேரிற் கண்ட அச்சம். ஆனால் சபரகமுவ மலையோடைகள் முதலை வாழும் இடங்களல்ல. இலங்கையிலுள்ள இரண்டு முதலையினங்களும் சமநிலத்துக் குளங்களையும் ஆற்று முகங்களையுமே நாடுவன. எனவே விலங்கு ஊரிலேயே தங்கிவிட்டது. அதைப்பற்றிய அச்சம் மட்டும் தொழிலாளரோடு மலையேறி வந்தது. வந்த இடத்திலே அதற்கு ஓர் உடல் தேவைப்பட்டது. கபரகொய்யா அந்த உடலைத் தந்திருக்கலாம். ஆள் நீளத்தையும் மிஞ்சி வளரக்கூடிய இந்த நீர் உடும்பு, கரையில் அசையாமற் கிடந்து, காலடி கேட்டதும் நீரில் வீழ்ந்து மறைவது. 1681இல் அச்சான தமது நூலில் றொபேட் நொக்ஸ் இதை முதலைக்கு ஒப்பிட்டே வருணித்தார். விலாங்கு மீனும் மடுவிலே ஒரு மீற்றருக்கு மேல் வளர்கிறது. இருட்டில் காலைத் தடவிச் சென்றால் யாருக்குத்தான் குலை நடுங்காது? இவ்விரண்டும் மனிதனை இழுத்துச் சென்று உண்பவை அல்ல. எனினும் கண்ட ஒரு கணத்தைக் கதையாக்க அவை போதும்.

பொய்கை கேட்ட கேள்வி

தோட்டத்தைச் சூழ்ந்திருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் தனக்கென ஒரு நீரரக்கன் உண்டு. அவன் பௌத்த ஜாதகக் கதைகளில் வாழ்கிறான். 14ஆம் நூற்றாண்டிலே சிங்களத்தில் ஆக்கப்பெற்ற 'பன்சிய பனஸ் ஜாதக' என்னும் தொகுதி வழியாக அவனைக் கிராமத்துக் குழந்தையும் அறியும்.

தேவதர்ம ஜாதகம் இவ்வாறு செல்கிறது. காடு சென்ற அரசகுமாரர் மூவருள் இளையவன் சூரியன். அவன் நீர் கொணரப் பொய்கைக்குப் போகிறான். பொய்கை அரக்கனுக்கு உரியது. 'தெய்வத்தன்மை எது?' என்று கேட்கிறான் அரக்கன். விடை பிழைத்தவனை உள்ளே இழுத்துச் சிறைவைக்கிறான். தேடிச்சென்ற சந்திரனுக்கும் அதே கதி. இறுதியில் மூத்தவனான போதிசத்துவன் வருகிறான். அவன் உடனே நீரில் இறங்கவில்லை. கரையைப் பார்க்கிறான். இருவர் இறங்கிய சுவடு உண்டு. ஏறிய சுவடு இல்லை. உண்மையை உணர்ந்து கரையிலேயே நிற்கிறான். பின்னர் அரக்கனின் வினாவுக்கு, பழிக்கு நாணுதலும் பாவத்துக்கு அஞ்சுதலுமே தெய்வத்தன்மை என விடையளிக்கிறான். 'ஒருவனைத் தருகிறேன், யார் வேண்டும்?' என்றபோது தன் உடன்பிறந்தானைக் கேளாமல் மாற்றாந்தாய் மகனைக் கேட்கிறான். அரக்கன் மனம் நெகிழ்ந்து இருவரையும் விடுவிக்கிறான்.

நளபான ஜாதகத்திலும் இதே காட்சி. குரங்குக் கூட்டம் புதியதொரு பொய்கையை அடைகிறது. தலைவன் கரையைச் சுற்றிவந்து சுவடுகளைப் பார்க்கிறான்: இறங்கியவை பல, ஏறியது ஒன்றும் இல்லை. நீரில் இறங்காமல், உட்டுளையுள்ள நாணற்குழல்களால் உறிஞ்சிக் குடிக்கச் செய்து தன் கூட்டத்தைக் காக்கிறான்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதன்று. பாரதத்திலே யட்சன் காத்த பொய்கையும், ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்த தம்பியரும், கேள்விகளுக்கு விடையளித்த தருமரும் நினைவுக்கு வருகின்றனர். வியாச பாரதத்திலே தருமர் வீமனையும் அருச்சுனனையும் விட்டு மாத்திரியின் மகனான நகுலனைக் கேட்டதை ஜாதகத்தின் முடிவோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே ஊற்றின் நீர் என்பது விளங்கும். வில்லிபுத்தூராரும் இதனை நச்சுப்பொய்கைச் சருக்கம் எனத் தனியே பாடினார். பாரதக் கதையைக் கூத்தாக ஆடும் மரபுடையது நம் மலையகம். அருச்சுனன் தபசு ஆடாத தோட்டங்கள் முன்னாளிற் சிலவே. ஆக, வேலியின் ஒரு புறத்தில் போதிசத்துவன் பொய்கைக் கரையில் நிற்கிறான். மறுபுறத்தில் தருமர் நிற்கிறார். மொழி இரண்டு, சமயம் இரண்டு, அரக்கன் ஒருவனே.

இக்கதைகளில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது அரக்கனின் பல்லையோ நகத்தையோ அன்று. உயிர் தப்பியவன் வலிமையுள்ளவன் அல்லன். கரையில் நின்று சுவடு பார்த்தவன், கேட்ட கேள்விக்கு விடை தேடியவன். நீரிலே எத்தனை பேர் இறங்கினர், எத்தனை பேர் மீண்டனர் என்று கணக்குப் பார்ப்பதே அறிவின் தொடக்கம். அந்த வகையில் நீரரக்கன் கதை மூடநம்பிக்கையின் பாடமன்று, விசாரணையின் பாடம்.

துரையின் ஊரிலும் பூதம்

இத்தகைய அச்சம் படிப்பறிவற்ற கூலியின் சொத்து என்று வெள்ளைத் துரைமார் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் இலங்கைத் தோட்டங்களை நிறுவியோருட் பலர் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஸ்கொத்லாந்துக்காரரே. அந்த நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் 'கெல்பி' என்னும் நீர்க்குதிரை வாழ்கிறது என்பது அவர்கள் பாட்டிமாரின் கதை. கரையில் அழகிய குதிரையாக நிற்கும்; பிள்ளைகள் முதுகில் ஏறியதும் உடலோடு ஒட்டிக்கொள்ளும்; அப்படியே ஆழத்துக்குப் பாய்ந்துவிடும். லயத்துத் தாயும் ஸ்கொத்லாந்துத் தாயும் ஒரே அச்சத்துக்கு இரு உருவம் கொடுத்திருக்கின்றனர். அதே நாட்டின் நெஸ் ஏரியில் பெரும் விலங்கொன்று உண்டு என்ற செய்தி 1933இற் பத்திரிகைகளில் ஏறி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு வெளியாகிப் புகழ்பெற்ற படம் விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலொன்றின்மேல் பொய்த்தலை பொருத்தி எடுத்த மோசடி என்பது 1994இலேதான் வெளிப்பட்டது. ஏரியின் நீரில் கலந்துள்ள மரபணுக் கூறுகளை ஆராய்ந்து 2019இல் முடிவு வெளியிட்ட அறிஞர்கள், பெரும் ஊர்வன எதன் தடமும் இல்லையென்றும், விலாங்கின் தடம் மிகுதியாக உள்ளதென்றும் கண்டனர். நம் மடுவின் விலாங்கு அங்கும் வந்து நிற்பது வியப்பன்றோ!

யப்பானியர் 'கப்பா' என்னும் நீர்க்குட்டிச்சாத்தானை வேறு வகையிற் பயன்படுத்துகின்றனர். குளக்கரைகளிலே குழந்தைகளை எச்சரிக்கும் பலகைகளில் அதன் படத்தை வரைந்து வைக்கின்றனர். கதையை அழிக்கவில்லை, அதற்கு ஓர் உத்தியோகம் கொடுத்துவிட்டனர்.

இழுப்பது எது?

மடுவிலே காலைப் பிடித்து இழுப்பது உண்மையில் எது? நீர்வீழ்ச்சியின் அடியில் நீர் மேலிருந்து வீழ்ந்து, அடிவரை சென்று, மீண்டும் வீழ்ச்சியை நோக்கியே சுழல்கிறது. அகப்பட்டவனை அது கரைக்கு விடாமல் உள்ளே சுழற்றுகிறது. நுரையும் காற்றுக்குமிழும் கலந்த நீர் உடலைத் தாங்கும் ஆற்றலிற் குறைந்தது. நீந்தத் தெரிந்தவனும் அங்கே அமிழ்கிறான். பாறையின் அடிக்குடைவு உடலைப் பற்றிக்கொள்கிறது. நம் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்க, மலையுச்சியிற் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையைக் காட்டாறாக்கிவிடுகிறது. இவை யாவும் ஒருவனுக்குத் தெரியாமல் நிகழ்வதால், ஏதோ ஒன்று இழுத்தது என்று அவன் சொல்வதிற் பிழையில்லை. உண்மையாகவே இழுக்கிறது.

மாணிக்க நாட்டிலே இதற்கு இன்னோர் உருவமும் உண்டு. 'இல்லம' எனப்படும் மாணிக்கப் பரலைத் தேடித் தோண்டிய குழிகள், வேலை முடிந்தபின் மூடப்படாவிடில், முதல் மழையிலேயே நீர் நிறைந்து குளம்போல் தோன்றும். சுவர் செங்குத்தான களிமண், பிடிக்கக் கொடியில்லை, ஏறப் படியில்லை. குழியை மீண்டும் மண்ணிட்டு மூடவேண்டும் என்பது அகழ்வு உரிமத்தின் நிபந்தனை. நிபந்தனை மீறப்படும் இடத்திலே பஹிரவ பூதத்துக்குப் பலி ஆயத்தமாகிறது.

தாயின் எச்சரிக்கை எத்தனை பிள்ளைகளைக் காத்தது என்று எவரும் எண்ணியதில்லை. மூழ்காத பிள்ளையைப் பதிவு செய்யும் ஏடு எங்கும் கிடையாது. மூழ்கியோர் கணக்கு மட்டும் உண்டு. 2021ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வேலியில்லாத குளமும், பாலமில்லாத ஓடையும், தாய் வேலைக்குப் போன நேரத்திற் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடும் உள்ள இடங்களிலேயே இத்துயரம் பெருகுகிறது. அந்நிலையில், கொழுந்து பறிக்கப் போகும் தாய் தன் பிள்ளைக்குக் காவலாக விட்டுச் செல்லக்கூடிய ஒரே ஆள் பூதந்தான். சம்பளம் வாங்காமல் அது காவல் காத்தது.

ஆயினும் பூதத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை மூழ்கிய பிறகு, 'மடு கொண்டுபோய்விட்டது' என்ற சொல்லோடு ஊரின் பேச்சு முடிந்துவிடுகிறது. ஓடைக்கு ஏன் பாலம் இல்லை? குழி ஏன் மூடப்படவில்லை? குடிநீருக்காக அந்தப் பிள்ளை ஏன் அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது? இக்கேள்விகள் எழுவதில்லை. உச்சி வேளையில் ஏன் அனுப்பினாய் என்று தாயைக் கேட்பவர் உண்டு. பொறுப்புள்ளவரைக் கேட்பவர் இல்லை. மடுவின் பெயராற் கேள்வியைப் புதைப்பவர், இறந்தவனையே குற்றவாளியாக்கிவிடுகின்றனர். ஜாதகத்து அரக்கன் கேள்வி கேட்டான். நம் மடுவின் அரக்கன் கேள்வியை விழுங்குகிறான்.

மேலிருந்து வந்தது

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தில் நிகழ்ந்தவை இவ்வுண்மையை என்றும் மறக்கவொண்ணாதபடி காட்டின. நாட்கணக்கிற் பெய்த மழையால் அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொகுப்பிட்டியவிலுள்ள களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தின்மேல் வீழ்ந்தது. 16 உயிர்கள் புதையுண்டன.

தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து மக்கள் கீழே ஓடும் ஓடையைப் பார்த்தே அஞ்சினர். அவர்களின் காவற்கதைகள் அனைத்தும் மடுவை நோக்கி நின்றன. நீரோ இம்முறை மடுவிலிருந்து வரவில்லை; மேலிருக்கும் மலையின் வயிற்றுக்குள்ளே புகுந்து, மண்ணையே நீராக்கிக்கொண்டு முதுகுப்புறமாக வந்தது. அதற்கு அவர்களிடம் ஒரு பூதம் இருக்கவில்லை. சிங்களத்திலே மண்சரிவை 'நாய' என்பர். நாகத்தைக் குறிக்கும் 'நயா' என்ற சொல்லோடு இது ஒலியில் நெருங்கி நிற்கிறது. ஒலியொப்புமையைக் கொண்டு வேர்ச்சொல் காண முற்படுவது பிழையாகலாம். எனினும் மலைக்குள் சுருண்டு கிடந்து ஒருநாள் நகரும் பாம்பு என்ற உவமை இதற்குப் பொருந்தாமற் போகாது.

அந்த லயம் ஏன் அந்த இடத்தில் இருந்தது? இங்கேதான் கேள்வி கூர்மையடைகிறது. லயங்களை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அவற்றிற் குடியிருக்கப் போகிறவர்கள் அல்லர். 10 அடிக்கு 12 அடியான காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கும் அந்த நிலம் சொந்தமாகவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயம் நின்ற இடம் மாறவில்லை. தன் வீட்டுக்குப் பின்னால் மலை வெடித்திருப்பதைக் கண்டவன், வேறிடம் போகலாம் என்று நினைத்தாலும் போவதற்குத் தனக்கென ஒரு பேர்ச் நிலம் இல்லாதவன். அவனை மூடநம்பிக்கையுடையவன் என்று யார் குறை கூறுவது?

2003 மே, 2017 மே என மழை சபரகமுவவைத் திரும்பத் திரும்ப வதைத்தது. ஒவ்வொரு முறையும் நாட்டில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலிலும் மலைப்பிரதேசங்களிலே மண்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டன. இறங்கிய சுவடுகள் இத்தனை இருக்க, ஏறிய சுவடுகளை இன்னும் நாம் எண்ணத் தொடங்கவில்லை.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

மண்சரிவுக்கும் முன்னறிகுறிகள் உண்டு. சரிவிலே புதிய வெடிப்புக் காணுதல். நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தல். இல்லாத இடத்திற் புதிதாக ஊற்றுப் பிறத்தல். தெளிந்த பீலி நீர் திடீரெனக் கலங்குதல், அல்லது நின்றுபோதல். மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து அறிவிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறவும் கூறுகிறது. இவை எண்கள். ஆனால் எண்ணை மட்டும் கேட்டு நள்ளிரவிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுபவர் சிலரே. கதை கேட்டு வளர்ந்த காலோ தானே ஓடும்.

ஆதலால் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இது: பூதம் பொய் என்று ஒரே வரியிற் சொல்லிப் பிள்ளையின் கையிலுள்ள காவலைப் பறித்துவிடாதீர்கள். மடுவிற் சுழலும் நீரின் இயல்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். பாட்டி சொன்ன இடம் பிழையில்லை, அவள் சொன்ன பெயர்தான் வேறு என்று விளக்குங்கள். பீலியில் வரும் நீர் கலங்கினால் உடனே பெரியவர்களிடம் ஓடிச் சொல்ல வேண்டும் என்பதைக் கன்னிமார் கதையோடு சேர்த்தே சொல்லுங்கள். வெற்றுத் தகரத்தாலும் அளவுகோலாலும் மழையை அளக்கக் கற்றுக்கொடுங்கள். பிறகு பொய்கைக் கதையைச் சொல்லி, அந்தக் கரையில் நின்றவன் முதலிற் செய்தது என்ன என்று கேளுங்கள்.

அச்சத்தை அகற்றுவதன்று கல்வியின் பணி. அஞ்ச வேண்டிய இடத்தைச் சரியாகக் காட்டுவதே அதன் பணி. அஞ்சியவன் அத்தோடு நின்றுவிடாமல், இங்கே ஏன் பாலம் இல்லை, இந்தக் குழி ஏன் மூடப்படவில்லை, இந்த லயம் ஏன் இன்னும் இந்தச் சரிவில் நிற்கிறது என்று கேட்கவும் வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீருக்கடியில் இல்லை. கந்தோர்களில் இருக்கிறார்கள்.

நாளையும் விடியுமுன் பால்வெட்டுத் தொழிலாளர் ஓடையைக் கடப்பர். மடு அங்கே கறுத்துக் கிடக்கும். அவர்கள் நடை விரையட்டும். அதில் இழிவு இல்லை. ஓடையைத் தாண்டியதும் ஒருமுறை நின்று, லயத்துக்குப் பின்னால் எழும் மலையையும் அவர்கள் நிமிர்ந்து பார்க்கட்டும்.